தெல்ஃபீனாவின் சாவு வாசல்

எங்கள் குப்பியோ நகரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் எங்கள் தெருவில் தெல்ஃபீனாவின் வீட்டு முன்னால் நிற்பார்கள். அந்த வீட்டுக்கு இரண்டு வாசல். ஒன்று எல்லா வீட்டையும் போலப் பெரியது. அதை ஒட்டி, தெருவிலிருந்து இடுப்பு உயரத்தில் தொடங்குகிற இன்னொன்று, ஒரு ஆள் மட்டும் நுழையும் அகலத்தில் இருக்கும். அதைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். வருகிறவர்கள் படம் எடுப்பது அதைத்தான்.

அவர்களை அழைத்து வரும் லொரெத்தா கையிலிருக்கும் குடையால் அதைக் காட்டுவாள். “இதுக்குப் பேரு சாவு வாசல். பழைய வீட்டுல எல்லாம் இருக்கும். வீட்டுல யாராவது செத்தாத்தான் திறப்பாங்க. பெட்டி வெளிய போனதும் மறுபடி அடைச்சிடுவாங்க. இல்லேன்னா போன சாவு அதே வழியா திரும்பி வந்துடும். உயிரோட இருக்கறவங்க யாரும் இது வழியா போகவும் மாட்டாங்க, வரவும் மாட்டாங்க.”

மாடி ஜன்னலருகே தெல்ஃபீனா பீன்ஸ் உரித்துக்கொண்டிருப்பார். லொரெத்தா எந்த மொழியில் பேசினாலும், எந்த இடத்தில் கூட்டம் அமைதியாகும் என்று அவருக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் சிலுவை போட்டுக்கொள்வார்.

தெல்ஃபீனா அதை நம்பினார். மலைமேல் இருக்கும் ஒரு சின்ன ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த அன்று, செருப்பு கடித்ததால் அந்த மூடிய வாசலில் கை ஊன்றிக்கொண்டு நின்றாராம். மாமியார் ஓடிவந்து முழங்கையைப் பிடித்து இழுத்துவிட்டார். “அதைத் தொடாதே. அது வழியா முதல்ல போற ஆளைச் சாவு கூட்டிட்டுப் போயிடும்.” அன்றிலிருந்து அந்தப் பக்கம் ஒரு பூந்தொட்டிகூட அவர் வைத்ததில்லை.

கணவர் ஓரெஸ்தே அப்படியில்லை. “அது ஏணி வச்சு ஏறுற வழிடி. பகல்ல ஏணியைப் போடுவாங்க, இருட்டினா உள்ள இழுத்துக்குவாங்க, திருடன் வராம இருக்க. சாவுக்குத் தனியா வாசல் கட்டிக் குடுக்க நம்ம ஆளுங்களுக்கு எங்க காசு இருந்தது?” என்பார். படித்தவர்கள் சிலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் லொரெத்தா அதைச் சொன்னால் யாரும் படம் எடுக்க மாட்டார்கள்.

தெல்ஃபீனா பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். எங்கள் தெருவில் அவர் கையால் சாப்பிடாதவர்கள் குறைவு. தட்டில் மீதம் வைத்தால் திட்ட மாட்டார்; பக்கத்தில் வந்து நிற்பார், அவ்வளவுதான். ஓரெஸ்தேவுக்குச் சிமென்ட் ஆலையில் வேலை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறையைப் பற்றி இருவரும் பேசி யாரும் கேட்டதில்லை. இலையுதிர் காலம் வந்ததும் ஓரெஸ்தே மின்கம்பிச் சுருள்களைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். நகரத்துக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவு முழுக்க விளக்கு கட்டி, டிசம்பரில் அதை ஒரு பெரிய கிறிஸ்துமஸ் மரமாக எரியவிடுவது எங்கள் ஊர் வழக்கம். சம்பளம் இல்லாத வேலை. இளைஞராக இருந்தபோது தொடங்கியதை அவர் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. மரத்தின் இடது விளிம்பு அவருடையது. அவர்கள் படுக்கையறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த விளிம்பு நேராகத் தெரியும்.

ஒரு செப்டம்பர் மாதம், மதுக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது ஓரெஸ்தேயின் கையிலிருந்து சீட்டுகள் நழுவின. நல்ல சீட்டு வந்துவிட்டதால் நடிக்கிறார் என்று எதிரே இருந்தவர் நினைத்தார். அதற்குள் ஓரெஸ்தே நாற்காலியோடு சாய்ந்துவிட்டார்.

பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு மெதுவாகத் திரும்பியது, கால் திரும்பவில்லை. பள்ளத்தாக்கில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தெல்ஃபீனா தினமும் பேருந்தில் போய் வந்தார். கிளம்பும் நேரத்தில் ஓரெஸ்தே ஒரே ஒரு வார்த்தை சொல்வார். “வீட்டுக்கு.”

வீட்டுக்குக் கொண்டுவர முடியாது என்று ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பெரிய வாசலுக்குள் நுழைந்ததும் இருக்கும் கல் படிக்கட்டு வளைவுக் கூரைக்குக் கீழே இரண்டு தடவை திரும்புகிறது. ஸ்ட்ரெச்சர் முதல் திருப்பத்திலேயே முட்டிக்கொள்ளும். தூக்கி உட்காரவைத்துக் கொண்டுபோகிற நிலையிலும் அவர் இல்லை. “கன்னியாஸ்திரிகள் நடத்துற முதியோர் இல்லத்துல இடம் இருக்கும்மா. அங்கயே சேர்த்துடுங்க” என்றார் மருத்துவர்.

ஓரெஸ்தேயின் அக்கா இனேஸுக்கும் அதுதான் சரி என்று பட்டது. “சுத்தமான இடம். சூடு இருக்கு. பூசை இருக்கு. நீயும் வயசானவதானே? அவனை எப்படித் தூக்குவே?”

“அங்கேருந்து மலை தெரியுமா?” என்று கேட்டார் தெல்ஃபீனா.

“மலையா? தெருவுல நிக்கற வண்டிங்க தெரியும். ஏன் கேக்கறே?”

தெல்ஃபீனா கிளம்பிவிட்டார். வீட்டுக்குப் போய்ப் படுக்கையறை அலமாரிக்கு முன்னால் நின்றார். அந்த அலமாரிக்குப் பின்னால் ஒரு மெல்லிய செங்கல் சுவர். அதற்குப் பின்னால் சாவு வாசலின் படிக்கட்டு. அது எங்கும் திரும்பாமல், நேராகத் தெருவுக்கு இறங்குகிறது. ஒரு பெட்டி போகிற வழியில் ஒரு ஸ்ட்ரெச்சரும் வரும். ஆம்புலன்ஸ்காரர்கள் முடியாது என்று சொன்ன அன்றைக்கே அவருக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோதுகூட, “என்ன வழி இருக்கு?” என்றுதான் சொன்னார்.

முதலில் பங்குச் சாமியாரிடம் போனார்.

“திருச்சபை இதையெல்லாம் சொல்லலைம்மா. அது வெறும் மரமும் கல்லும்” என்றார் சாமியார்.

“அப்ப திறக்கலாமா சாமி?”

“தாராளமா.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்க அம்மா வீட்டுலயும் ஒண்ணு இருக்கு” என்றார்.

“அதை நீங்க திறப்பீங்களா?”

“அங்க எதுக்கு? அம்மா நல்லா நடக்கறாங்களே.”

தெல்ஃபீனா கொத்தனார் ரெமோவைத் தேடிப் போனார். ரெமோ வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, உள் செங்கல் சுவர் பழங்காலத்தது இல்லை, ஓரெஸ்தேயின் அப்பா காற்றை அடைக்கக் கட்டியதுதான், எடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கே நவம்பர் முடிந்துவிட்டது.

நகராட்சி ஆள் வந்துபோன அன்று மாலை இனேஸ் படியேறி வந்தார். உட்காரவில்லை.

“என் தம்பியை உயிரோட இருக்கறப்பவே அது வழியா கொண்டுவரப் போறியாமே?”

“வேற வழி இல்லை இனேஸ்.”

“இருக்கு. இல்லம் இருக்கு. எங்க அம்மா இருந்திருந்தா உன் கையை ஒடிச்சிருப்பா.”

“ஒடிச்சிருப்பாங்க.”

“அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

“ஆகும்னுதான் எனக்கும் பயமா இருக்கு” என்றார் தெல்ஃபீனா. “தினமும் ‘வீட்டுக்கு’ங்கறான். நான் பேருந்து வந்துடுச்சுன்னு ஓடி வந்துடறேன். பேருந்து வரதுக்கு இன்னும் நேரம் இருக்கும். ஸ்டாப்புல போய் உக்காந்துப்பேன்.”

இனேஸ் கதவைச் சாத்தாமலே இறங்கிப் போனார். திறக்கிற அன்று தான் அந்தப் பக்கமே வரப்போவதில்லை என்று படியிலிருந்து கத்தினார்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள், தெருவில் கடைகள் திறப்பதற்கு முன்பே ரெமோ வந்தார். உள் சுவரை முந்தின நாளே எடுத்திருந்தார். பலகைகளின் ஆணி துருப்பிடித்து மரத்தோடு ஒன்றாகியிருந்தது. கடைசிப் பலகை விழுந்தபோது தெருவின் குளிர் நேராகப் படுக்கையறை வரை ஏறியது. படிகளில் சுண்ணாம்புத் தூளும் ஒரு உடைந்த கோழிக்கூடும் தவிர ஒன்றும் இல்லை.

அப்புறம் நடந்ததை ரெமோதான் பிறகு எல்லாரிடமும் சொன்னார். அவர் வாசலுக்கு வெளியே மரச்சரிவு போடுவதற்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து காலடிச் சத்தம் கேட்டது. தெல்ஃபீனா சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

“என்னம்மா பண்றீங்க? பெரிய வாசல் வழியா வாங்க, இங்க வழுக்கும்.”

“தள்ளி நில்லு ரெமோ. முதல்ல போற ஆளைத்தான் அது கூட்டிட்டுப் போகுமாம். நான் போயிட்டு வந்துடறேன்.”

ரெமோ அளவுகோலைக் கீழே வைத்தார். கையை நீட்டினார். தெல்ஃபீனா அந்தக் கையைப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து தெருவில் இறங்கினார். ஈரக் கல்லில் நின்று தெருவின் மேல்பக்கமும் கீழ்பக்கமும் பார்த்தார். ஒருவரும் இல்லை. ஒரு பூனை மட்டும் இருந்தது. பிறகு, “சரி, தூக்கி விடு” என்றார். அதே வழியாக உள்ளே போய்க் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தார்.

ரெமோ சரிவுப் பலகை எடுத்துவரப் பட்டறைக்குப் போனார். திறந்த வாசல் அப்படியே இருந்தது.

எங்கள் தெரு தப்பாகப் புரிந்துகொண்டது அப்போதுதான். ஓரெஸ்தேயை அந்த வழியாகக் கொண்டுவரப்போவதைத் தெல்ஃபீனா கடைக்காரர்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வேறு எந்த ஊரிலும் அது நடந்திருக்காது. திறந்த வாசலை முதலில் பார்த்தது எதிர்வீட்டு முடிதிருத்துபவர் ஃபவுஸ்தோ. கடையைத் திறந்து, கையிலிருந்த சாவியோடு நின்றுவிட்டார். பிறகு கடை ஷட்டரைப் பாதி வரை இறக்கினார். தெருவில் ஒரு சாவு என்றால் அப்படித்தான் செய்வோம். அதைப் பார்த்த ரொட்டிக்கடைக்காரர் பாதி இறக்கினார். அவரைப் பார்த்து மதுக்கடைக்காரர். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க ஷட்டர்கள் பாதியில் நின்றன. துக்க வீட்டுக்குக் கொண்டுபோவதற்காக இரண்டு பெண்கள் காப்பித்தூளும் சர்க்கரையும் காகிதத்தில் கட்டினார்கள். யாரும் மேலே போய்க் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? வாசலே சொல்லிவிட்டதே. ஃபவுஸ்தோ இனேஸுக்குத் தொலைபேசியில், “ரொம்ப நல்ல மனுஷன்” என்றார். அதற்கு மேல் இனேஸ் கேட்கவில்லை.

லொரெத்தா அன்றும் ஒரு கூட்டத்தோடு வந்தாள். வாசல் திறந்திருப்பதைப் பார்த்ததும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் இருந்தவர்கள் தாங்களாகவே தொப்பியைக் கழற்றினார்கள்.

தெல்ஃபீனா மேலே மெத்தைக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தார். தெரு அவ்வளவு அமைதியாக இருப்பதை அவர் கவனிக்கவில்லை.

ஆம்புலன்ஸ் மெதுவாகத் தெருவுக்குள் வந்தது. ரெமோவும் பலகைகளோடு அப்போதுதான் வந்து சேர்ந்தார். பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். மூக்கு வரை போர்வை போர்த்தியிருந்த ஓரெஸ்தே, கண்ணைத் திருப்பி அங்கேயும் இங்கேயும் பார்த்தார். பாதி இறங்கிய ஷட்டர்கள். கையில் தொப்பியோடு நிற்கிற மனிதர்கள்.

“யாரு போயிட்டாங்க?” என்று கேட்டார். குரல் குழறியது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஃபவுஸ்தோ, “நீதான்யா” என்றார்.

“எப்போ?”

“காலையிலதான் எங்களுக்கே தெரியும்.”

ஓரெஸ்தே கொஞ்ச நேரம் யோசித்தார். “என்கிட்ட யாரும் சொல்லலையே” என்றார்.

முதலில் ரொட்டிக்கடைக்காரர்தான் சிரித்தார். சிரித்த வேகத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே நேரத்தில் இனேஸ் தெருமுனையிலிருந்து கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க ஓடிவந்தார். தம்பியின் திறந்த கண்ணைப் பார்த்ததும் நின்றார்.

“பாவி! உயிரோட இருந்துகிட்டு என்னை இப்படி ஓட விட்டியே!” என்று போர்வையின் மேல் அடித்தார். அப்புறம் அந்தப் போர்வையிலேயே முகத்தை வைத்துக்கொண்டார்.

“இனேஸ், எந்திரி. குளிருது” என்றார் ஓரெஸ்தே.

நான்கு பேர் தூக்கினார்கள். சரிவுப் பலகையில் ஏறி, கால் பக்கம் முன்னால் போக, சாவு வாசலுக்குள் நுழைந்தார்கள். மேலே படியின் உச்சியில் தெல்ஃபீனா நின்றிருந்தார். லொரெத்தாவின் கூட்டத்தில் யாரும் படம் எடுக்கவில்லை என்று சொல்கிறார்கள்.

அந்த வாரமே மலையில் விளக்கு எரிந்தது. படுக்கையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். நாங்கள் சில பேர் போயிருந்தோம். ஊர் முழுக்கக் கைதட்டுகிற சத்தம் கீழேயிருந்து வந்தது. ஓரெஸ்தே நெடுநேரம் பார்த்தார்.

“இடது பக்கம் தொய்ஞ்சிருக்கு” என்றார்.

“எங்கய்யா தொய்ஞ்சிருக்கு? நேராத்தான் இருக்கு” என்றார் தெல்ஃபீனா.

“பாறைக்குக் கீழ. அந்த முட்டாப்பசங்க கம்பியைப் பாறைக்கு மேல கொண்டுபோயிட்டாங்க. அடுத்த வருஷம் சொல்லணும்.”

அடுத்த வருஷம் என்று அவர் சொன்னபோது தெல்ஃபீனா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவருக்குப் பயம் போகவில்லை. ரெமோ ஒரு தற்காலிகக் கதவு போட்டுக் கொடுத்திருந்தார். காற்றில் அது அசைந்தால் தெல்ஃபீனா திரும்பிப் பார்ப்பார். மருத்துவர் அந்த வழியாக வந்து போனார். சக்கர நாற்காலி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள், மாவைக் கரைத்து எண்ணெயில் சுட்ட ரொட்டியை மூடி எடுத்துக்கொண்டு, நேர்ப்படி ஏற எளிதாக இருப்பதால், கொஞ்சம் தயங்கிவிட்டு அந்த வழியாகவே ஏறினார்கள். ஒரு நாள் தெல்ஃபீனா ஓரெஸ்தேவுக்கு முகம் மழித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“நான் அதைத் திறந்திருக்கக் கூடாதோ?” என்று கேட்டார்.

“எதை?”

“எதைன்னு தெரியாதா?”

“கத்தியைக் கீழ வச்சுட்டுப் பேசு” என்றார் ஓரெஸ்தே. தெல்ஃபீனா வைத்தார். “நான் அங்க இருந்தப்ப ராத்திரியெல்லாம் என்ன நினைப்பேன் தெரியுமா? எப்படி உள்ள வரதுன்னு. ஜன்னல் வழியா கயிறு கட்டி இழுக்கலாம்னுகூட நினைச்சேன். எனக்குக்கூட அந்தப் படி ஞாபகம் வரலை.” இடது கையால் தெல்ஃபீனாவின் மணிக்கட்டைத் தொட்டார். “உனக்கு வந்துச்சு. இப்ப காதுக்குக் கீழ மழி, அங்க எப்பவும் விட்டுடறே.”

பிப்ரவரி கடைசியில் இரண்டாவது தடவை வந்த பக்கவாதத்தில் ஓரெஸ்தே போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் இருக்கவில்லை. ஜன்னல் பக்கம் தலை திரும்பியிருந்தது. மலையில் அப்போது விளக்குகளையெல்லாம் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள்.

பெட்டி அதே வாசல் வழியாக இறங்கியது. வேறு வழியும் இல்லை. தெருவின் ஷட்டர்கள் மறுபடியும் பாதி இறங்கின. ஃபவுஸ்தோ தன் கடை வாசலில் நின்று எதையோ எதிர்பார்ப்பது போல அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை அதற்குள்ளிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. விளக்கு கட்டுகிறவர்கள்தான் தூக்கினார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ரெமோ யாரும் சொல்லாமலே செங்கல்லும் சுண்ணாம்பும் ஏற்றிய தள்ளுவண்டியோடு வந்து நின்றார். இனேஸும் வந்திருந்தார்.

“அடைச்சிடு தெல்ஃபீனா” என்றார் இனேஸ். இந்தத் தடவை அவர் குரலில் கோபம் இல்லை. “அன்னிக்குத் திறந்தே, சரி. அவனைக் கூட்டிட்டு வந்தே, நான் ஒண்ணும் சொல்லலை. இப்ப அடைச்சிடு. உனக்காகச் சொல்றேன்.”

தெல்ஃபீனா ரெமோவுக்குக் காப்பி ஊற்றினார். துக்கத்துக்கு வந்த சர்க்கரை நிறைய இருந்தது. கேட்காமலே இரண்டு கரண்டி போட்டார்.

“இனேஸ், அன்னிக்குக் காலையில அது வழியா முதல்ல இறங்கினது நான்தான்” என்றார். “என்னை ஒண்ணும் பண்ணலை. ரொம்ப நாள் எதிர்பார்த்துட்டேதான் இருந்தேன்.” சர்க்கரை டப்பாவை மூடி வைத்தார். “அப்புறம் அவன் வந்தான். மூணு மாசம் இருந்தான். போனது அது வழியாத்தான், தெரியும். ஆனா எனக்கு அந்தக் கதவைப் பார்த்தா அவன் கால் உள்ள வந்ததுதான் தெரியுது. அதை எப்படி அடைக்கறது?”

இனேஸ் கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினார்.

“அப்ப இந்தச் செங்கல்லை என்னம்மா பண்றது?” என்று கேட்டார் ரெமோ.

“எடுத்துட்டுப் போ. அதுக்குப் பதிலா வெளிய நாலு படி கட்டிக் குடு. கைப்பிடியும் வேணும், இடது பக்கம். முட்டி வலிக்குது, அந்தத் திருகுப் படியில என்னால இனிமே ஏற முடியாது.”

நகராட்சி கல் படிக்கு அனுமதி கொடுக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடக்கூடிய மரப்படிக்குக் கொடுத்தது. அது இப்போதும் இருக்கிறது.

வசந்தம் வந்ததும் வெளியூர்க்காரர்களும் வந்தார்கள். லொரெத்தா அந்த வீட்டு முன்னால் குடையைத் தூக்கிக்கொண்டு, உயிரோட இருக்கறவங்க யாரும் இது வழியா, என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. காய்கறிப் பையோடு தெல்ஃபீனா வெளியே வந்து, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். படம் எடுக்கத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. பின்னாலிருந்த ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

லொரெத்தாவின் முகம் சிவந்துவிட்டது. “தெல்ஃபீனாம்மா, நான் இனிமே என்ன சொல்லட்டும்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

தெல்ஃபீனா பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“நீ சொல்றதையே சொல்லும்மா. நான் வரப்போ மட்டும் படியை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லு.”